பேய் வீட்டுக்கு எத்தனை வயசு?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பெரம்பலூர்ல பொருட்காட்சி போட்டிருந்தாங்க. ஜெயன்ட் வீல், கொலம்பஸ், பலூன் சுடறது, டெல்லி அப்பளம், எல்லாம் வழக்கம் போல. கடைசியில ஒரு ஓரமா தகர ஷீட் அடிச்சு, கறுப்புத் துணி போர்த்தி ஒரு பேய் வீடு. வாசல்ல எலும்புக்கூடு படம், ஸ்பீக்கர்ல நாய் ஊளை. பக்கத்துல ஒரு போர்டு: 'இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ளே வர வேண்டாம்.' அதுக்குக் கீழேயே இன்னொரு வரி: '3 வயதுக்கு மேல் முழு டிக்கெட்.'

அதாவது மூணே கால் வயசுப் பிள்ளை பேயைப் பார்க்கலாம், ஆனா முழு டிக்கெட் எடுக்கணும். நல்ல நியாயம் :-)

அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. "மாமா, நான் உள்ள போறேன்"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கறா. அக்கா என்னைப் பார்க்குது. "நீயே சொல்லுடா தம்பி, விடலாமா வேணாமா? ஊர்க் கதையெல்லாம் எழுதறியே."

நாம பொட்டி தட்டுற ஆளு. எதையும் ஒரு இஃப் கண்டிஷன்ல அடக்கிடலாம்னு நினைக்கிற ஜாதி. வயசு இத்தனைக்கு மேலன்னா உள்ளே, இல்லன்னா வெளியே. ஆனா அந்த 'இத்தனை' எத்தனை? அன்னிக்கு எனக்குத் தெரியலை. "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்"னு பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து தப்பிச்சேன். ராத்திரி பூரா உட்கார்ந்து படிச்சதுதான் இந்தப் பதிவு. நடுவுல என் சொந்தக் கொசுவத்தியும் சுத்தும், பொறுத்துக்குங்க.

காசு வாங்கிட்டு பயமுறுத்துற தொழில் ரொம்பப் பழசு இல்லை. பிரெஞ்சுப் புரட்சி முடிஞ்ச கையோட, 1790-களின் கடைசியில பாரிஸ்ல எத்தியென் காஸ்பார் ராபர்ட்னு ஒருத்தர் கிளம்பினார். ராபர்ட்சன்ங்கிற பேர்ல ஷோ நடத்தினார். 1799-ல ஒரு பழைய கப்பூசின் துறவிகள் மடத்துக்கு ஜாகையை மாத்தினார். இருட்டு அறை, நடுவுல ஒரு திரை, திரைக்குப் பின்னால சக்கரம் வச்ச மாய விளக்கு. விளக்கைப் பின்னால தள்ளத் தள்ள திரையில உருவம் பெருசாகும். பார்க்கிறவனுக்கு பேய் தன்மேல பாயற மாதிரியே இருக்கும். பார்க்க வந்தவங்க யாரு? கில்லட்டின்ல தலை விழுந்ததை சில வருஷம் முன்னாடி நிஜமாவே பார்த்த ஜனங்க. அதே காலத்து மெழுகு முகங்களோட 1802-ல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறின மேடம் துசாட் அம்மா பின்னால லண்டன்ல நிலையா கடை போட்டப்போ, கொலைகாரங்க, வெட்டுப்பட்ட தலைகளுக்குன்னு தனி அறையே ஒதுக்கினாங்க.

இப்ப நாம பார்க்கிற மாதிரி, உள்ளே நடந்து போய் பயந்துட்டு வெளியே வர்ற பேய் வீட்டுக்கு மூத்ததுன்னு சொல்றது 1915-ல இங்கிலாந்துல ஆர்டன் அண்ட் ஸ்பூனர் கம்பெனி செஞ்சது. நீராவியில ஓடும். ஆடற தரை, திடீர் காத்து, இருட்டு. இன்னமும் ஹாலிகோம்ப்ங்கிற ஊர்ல ஒரு நீராவி அருங்காட்சியகத்துல அதை வச்சிருக்காங்க. அப்புறம் அமெரிக்காவுல, 1930-கள்ல ஹாலோவீன் ராத்திரி பசங்க தெருவுல பண்ற ரகளை தாங்காம, பெத்தவங்களே வீட்டு நிலவறையில ஈரப் பஞ்சு, ஈரல் துண்டு, தொங்குற கயிறுன்னு இருட்டுப் பாதை அமைச்சு "இங்க வந்து பயந்துக்கோ"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. 1969-ல டிஸ்னிலேண்டுல ஹான்டட் மேன்ஷன் வந்ததும் இது பெரிய பிசினஸ் ஆச்சு. நம்மூர்ல இது எப்படியோ சர்க்கஸ், மரணக் கிணறு கூட சேர்ந்து, தகர ஷீட்டா லாரியில ஏறி ஊர் ஊரா சுத்துது.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த வரலாறு முழுக்க 'எந்த வயசுப் பிள்ளை வரலாம்'ங்கிற கேள்வியை ஷோ நடத்தறவன் பெருசா எடுத்துக்கிட்டதா தெரியலை. அதைக் கேட்டவங்க சினிமாக்காரங்க, அதுவும் அரசாங்கம் துரத்தினதால. 1931-ல 'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்து பிரிட்டன்ல பிள்ளைகள் அலறினதும், 1932-ல 'ஹெச்'னு ஒரு முத்திரை கொண்டு வந்தாங்க. ஹாரர்ங்கிறதுக்கு. முதல்ல வெறும் எச்சரிக்கை, 1937-லேர்ந்து 16 வயசுக்குக் கீழே அனுமதியே இல்லை. நம்ம நாட்டுல 1952 சட்டத்துல 'யு', 'ஏ' ரெண்டுதான். 1983-ல 'யுஏ' வந்தது. அதுலயும் 12 வயசுக்குக் கீழேன்னா பெத்தவங்க பார்த்து முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க. 2023-ல சட்டத்தைத் திருத்தி, 2024-லேர்ந்து யுஏவை 7, 13, 16-ன்னு மூணா பிரிச்சிருக்காங்க. திரையில தட்டையா ஓடற பேய்க்கு இவ்வளவு கணக்கு. தோளைத் தொடற பேய்க்கு? '3 வயதுக்கு மேல் முழு டிக்கெட்.'

சரி, கொசுவத்திக்கு வருவோம்.

2005. சந்திரமுகி வந்த வருஷம். எனக்கு எட்டு வயசு. ஊர்ப் பக்கத்துத் திருவிழா ஒண்ணுல பேய் வீடு வந்திருந்தது. அப்பா, சித்தப்பா, மூணு அண்ணனுங்க, நான். "ஆம்பளப் புள்ளை, வாடா"ன்னு சித்தப்பா தூக்கிட்டுப் போயிட்டார். உள்ளே என்ன இருந்ததுன்னு இன்னிக்கு வரை முழுசா சொல்லத் தெரியாது. ஒரு பச்சை லைட், ஒரு சவப்பெட்டி, அதுலேர்ந்து எழுந்த ஒரு ஆள். நான் திரும்பி ஓடப் பார்த்தேன். பின்னால வந்த கூட்டம் முன்னால தள்ளுது. வந்த வழி அடைச்சாச்சு, போற வழியில அவன் நிக்கிறான். டவுசர் நனைஞ்சு போச்சு.

அது பரவாயில்லைங்க. வெளியே வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க, அப்பா உட்பட. அப்புறம் எந்தக் கல்யாணம், காதுகுத்துன்னு போனாலும் இந்தக் கதை பந்தியில பாயசம் மாதிரி வரும். ரெண்டு வருஷம் ராத்திரியில கொல்லைப்பக்கம் தனியா போகமாட்டேன். போகமாட்டேன்னு வெளியே சொல்லவும் மாட்டேன். சொன்னா மறுபடியும் சிரிப்பாங்களே. அப்பாயி ஒருத்திதான் கேள்வியே கேட்காம டார்ச்சை எடுத்துக்கிட்டு கூட வரும்.

இத்தனைக்கும் நான் ஒண்ணும் பயமே தெரியாம வளர்ந்த பிள்ளை இல்லை. எங்க பக்கம் பயம் தாய்ப்பாலோட வர்ற சமாச்சாரம். சோறு சாப்பிடலைன்னா பூச்சாண்டி, தூங்கலைன்னா அஞ்சு கண்ணன். பெரம்பலூர் பக்கத்துல சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் இருக்கு. அப்பல்லாம் வழக்கமா திங்கள், வெள்ளிதான் நடை திறக்கும். செல்லியம்மனை மந்திரத்தால கட்டிப்போட்டு ஆட்டிவச்ச மந்திரவாதியை, ராத்தங்க இடம் கேட்டு வந்த காளி அழிச்ச கதையை அப்பாயி சொன்னா முதுகுத்தண்டு சிலிர்க்கும். செல்லியம்மன் இடத்தை காளிக்குக் கொடுத்துட்டுப் போய் உட்கார்ந்த பெரியசாமி மலையில ஆளுயரத்துக்கு மேல, முட்டைக் கண்ணும் மீசையுமா சாமி சிலைகள். சின்ன வயசுல அந்த சிலைகளை அப்பா தோள்ல உட்கார்ந்துதான் பார்த்தேன். அடுத்தடுத்த வருஷம் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு. பத்து வயசுல நானே முன்னால ஓடிப்போய் ஒரு சிலையோட பாதத்தைத் தொட்டேன். யாரும் தொடுன்னு சொல்லலை. (2021-ல அந்த சிலைகளை யாரோ உடைச்சுப் போட்ட படத்தை போன்ல பார்த்தப்போ, சின்ன வயசுல பயந்ததை விட அதிகமா என்னமோ பண்ணுச்சு.)

சாமியாட்டம் இன்னும் நல்ல உதாரணம். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, காலையில நமக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த பெரியப்பா கருப்பா மாறி அரிவாளோட நிப்பார். கைக்குழந்தைகளை அம்மாக்கள் கூட்டத்துக்குப் பின்னாடியே வச்சிருப்பாங்க. அஞ்சாறு வயசு தாத்தா இடுப்புல. கொஞ்சம் பெருசுங்க கூட்டத்துக்கு நடுவுல கால் சந்து வழியா. பதினஞ்சு வயசு முதல் வரிசையில. ஒவ்வொரு வருஷமும் நாமளே நாலடி முன்னால போவோம். பயந்தா நாலடி பின்னால. திறந்த மைதானம், எந்தப் பக்கமும் ஓடலாம். கூத்துலயும் அப்படித்தான். ராத்திரி அரக்கனா கத்தப்போற ஆள் சாயங்காலம் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு அரிதாரம் பூசறதை பசங்க மொய்ச்சுக்கிட்டுப் பார்க்கும். சபையில பயம் ஏறினா, கட்டியக்காரன் வந்து ஒரு நக்கல் விட்டு இறக்கிடுவான்.

இது ஏதோ நம்ம முன்னோர்கள் பெரிய விஞ்ஞானிகள்னு சொல்ற ஃபார்வர்டு மெயில் சமாச்சாரம் இல்லை. அடிக்க கையை ஓங்கறதும், பேய்க்குப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்னு மிரட்டறதும் அதே ஊர்தான். ஆனா இந்த இடம் விட்டு நிக்கிற விஷயம் மட்டும் எனக்கு உறைச்சது, ஏன்னா அமெரிக்காவுல 1980-கள்ல நடந்த ஒரு ஆய்வும் கிட்டத்தட்ட இங்கதான் வந்து நிக்குது. ஜோன் கேன்டர், கிளென் ஸ்பார்க்ஸ்னு ரெண்டு பேர் பிள்ளைகளுக்கு 'இன்க்ரெடிபிள் ஹல்க்' டிவி தொடரைப் போட்டுக் காட்டினாங்க. ஹல்க் நல்லவன்தானே, ஆபத்துல காப்பாத்தறவன். ஒன்பதுலேர்ந்து பதினோரு வயசுப் பிள்ளைகள் ஆபத்து வந்தப்போ பயந்து, ஹல்க் வந்ததும் நிம்மதியாச்சு. மூணுலேர்ந்து அஞ்சு வயசுப் பிள்ளைகளோ அந்த சாதுவான மனுஷன் பச்சையா, பூதமா மாறினதுக்கப்புறம்தான் ரொம்ப பயந்தது. அவங்களுக்கு யார் நல்லவன்ங்கிறது முக்கியமில்லை. தெரிஞ்ச முகம் தெரியாத முகமா மாறறதுதான் பயம். அந்த வயசுல "அதெல்லாம் நிஜமில்லடா கண்ணு"ன்னு சொல்றதும் பெருசா வேலை செய்யாதாம். ஏழெட்டு வயசுக்கு மேலதான் அந்த வாக்கியத்துக்கே பலம் வருது.

இதைப் படிச்சதும் சந்திரமுகியில ஜோதிகா கட்டிலைத் தூக்கற சீன்ல தியேட்டர்ல நான் அம்மா மடியில மூஞ்சியைப் புதைச்சது ஞாபகம் வந்தது. அண்ணனுங்க கை தட்டினானுங்க. ஒரே படம், ஒரே வரிசை, ரெண்டு மூணு வயசுதான் வித்தியாசம். ஆனா தியேட்டர்ல அம்மா மடி இருந்தது. கண்ணை மூடிக்க முடிஞ்சது. பேய் வீட்டுல கண்ணை மூடினா தோள்ல கை விழும்.

நாலாவதோ அஞ்சாவதோ படிக்கிறப்போ ஸ்கூல் டூர்ல கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிட்டுப் போனாங்க. அரியலூர் மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், ராஜேந்திர சோழன் கட்டின கோயிலுக்குப் பக்கத்துல சிங்கக் கிணறு இருக்கு. பெரிய சிங்கம் உட்கார்ந்த மாதிரி சுதையில கட்டி, அது உடம்புக்குள்ள ஒரு வாசல், உள்ளேர்ந்து கிணத்துக்கு இறங்கற படி. சிங்கம் பின்னாடி உடையார்பாளையம் ஜமீன் காலத்துல வச்சதுன்னு சொல்றவங்க உண்டு. அது இருக்கட்டும். டீச்சர் எங்களை வரிசையா நிக்க வச்சு, "வேணுங்கறவங்க எட்டிப் பாருங்க, வேணாங்கறவங்க இங்கேயே நில்லுங்க"ன்னாங்க. அவ்வளவுதான். பேய் வீட்டுல நனைஞ்ச அதே நான், மூணு தடவை போய் எட்டிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால வெயில் அடிச்சுக்கிட்டு இருந்தது.

இப்ப கொஞ்சம் சீரியஸான விஷயம். அந்த ராத்திரி படிச்சதுல தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

1979 ஜூன் 9, சிட்னி லூனா பார்க். கோஸ்ட் டிரெயின்னு ஒரு பேய் ரயில். ராத்திரி உள்ளே தீப்பிடிச்சுது. ஏழு பேர் இறந்தாங்க. ஒரு அப்பா, அவரோட ரெண்டு பையன்கள், ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச நாலு பசங்க. ஏழுல ஆறு பேர் பிள்ளைகள். 1984 மே 11, அமெரிக்காவுல நியூஜெர்சி, சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவோட ஹான்டட் காஸில். டிரெய்லர் வண்டிகளை ஒட்டி ஒட்டி கட்டின பேய்க் கோட்டை. 'தற்காலிகக் கட்டடம்'னு கணக்குல இருந்ததால தண்ணி தெளிக்கிற கருவி கூட இல்லை. இருட்டுல வழி தெரியலைன்னு ஒரு பையன் லைட்டரைப் பத்த வச்சான்னும், சுவத்துல அடிச்சிருந்த ஃபோம் பிடிச்சுக்கிச்சுன்னும் சொன்னாங்க. எட்டு பேர், எல்லாம் பதின்வயசு. பயமுறுத்தறதுக்காக வழி தெரியாத மாதிரியே கட்டின இடம். நிஜமா வழி தேவைப்பட்டப்போ அது தெரியலை. அதுக்கப்புறம்தான் அங்கே விதிகள் இறுகிச்சு: புகை வந்த நொடியே விளக்கு எல்லாம் தானா எரியணும், அலறல் சத்தம் நிக்கணும், வெளியேறும் வழி தெரியணும்.

வேற தேசத்துக் கதைன்னு தள்ளிவிட முடியலை. 2004 ஜூலை 16 அன்னிக்கு நான் ரெண்டாம் வகுப்பு. கும்பகோணம் எங்களுக்கு ஒண்ணும் தூரமில்லை, கொள்ளிடத்தைத் தாண்டினா வந்துடும். 94 பிள்ளைகள். கூரைக் கொட்டகை, குறுகின படிக்கட்டு. அன்னிக்கு சாயங்காலம் அம்மா ஸ்கூல் வாசல்ல வந்து நின்னது இன்னும் கண்ணுல இருக்கு. அந்த வருஷம் தமிழ்நாடு பூரா பள்ளிக்கூடக் கூரையெல்லாம் பிரிச்சாங்க. அடுத்த வருஷமே என்னை தகரமும் துணியுமா அடிச்ச ஒரு இருட்டுக்குள்ள தூக்கிட்டுப் போனாங்க. யாருக்கும் ரெண்டும் ஒண்ணா தோணலை. எங்க அப்பாவைக் குத்தம் சொல்லலை. எனக்கே இருபது வருஷம் கழிச்சு, ஒரு ராத்திரி உட்கார்ந்து படிச்சாதான் தோணுது.

தாத்தா ஒரு விஷயத்துல மட்டும் கறார். 1956 நவம்பர் 23 விடியக்காலை, அரியலூர் பக்கத்துல மருதையாத்துல வெள்ளம் வந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்துச்சு. 140 பேருக்கு மேல இறந்தாங்க. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டதெல்லாம் நாம பாடப் புஸ்தகத்துல படிச்சதுதான். (அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆனதும் ஒரு நவம்பர் 23-தான், 2007-ல. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லத் தோணுச்சு.) அண்ணனுங்க அந்த ஆத்துப் பாலத்தை வச்சு பேய்க் கதை ஆரம்பிச்சா தாத்தா தடியை எடுத்துடுவார். "அது பேய்க்கதை இல்லடா, செத்துப்போனவங்க கதை. பெரியவனானதும் கேளு, சொல்றேன்"ம்பார். பதினாலு வயசுல கேட்டேன். சொன்னார். அதை இங்க எழுதப்போறதில்லை.

மறுநாள் சாயங்காலம் திரும்ப பொருட்காட்சிக்குப் போனோம். நேரா டிக்கெட் கவுன்டருக்குப் போகாம, குட்டியைக் கூட்டிக்கிட்டு பேய் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அக்கா முறைச்சுது. அங்கே ஒரு பையன், இருபது இருபத்திரண்டு இருக்கும், மண்டையோட்டு மாஸ்க்கை தலைமேல தூக்கி விட்டுக்கிட்டு பேப்பர் கப்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். கிட்டப் போய் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, நடுவுல ஒரு குழந்தை பயந்துட்டா வெளியே வர வழி இருக்கா?"

"இல்லண்ணே. ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வரணும். ரொம்ப அழுதா நாங்களே தூக்கிட்டு வந்து விட்டுருவோம்."

"பேயே தூக்கிட்டு வருமா?"

சிரிச்சான். "மாஸ்க்கைக் கழட்டிட்டுதாண்ணே."

குட்டி அவனையே பார்த்துக்கிட்டு இருந்தா. "அங்கிள், அதை மாட்டுங்க"ன்னா. மாட்டினான். என் கால் பின்னால ஒளிஞ்சா. "கழட்டுங்க." கழட்டினான். வெளியே வந்தா. மாட்டுங்க, கழட்டுங்க, மாட்டுங்க, கழட்டுங்க... ஏழெட்டு தடவை நடந்துச்சு. கடைசி ரெண்டு தடவை ஒளியலை. டீ ஆறிப்போனாலும் அந்தப் பையன் சலிச்சுக்காம செஞ்சான், நல்லா இருக்கணும்.

"உள்ள போறியா குட்டி?"

கொஞ்ச நேரம் யோசிச்சா. "இருட்டா இருக்குமா மாமா?"

"ஆமா."

"அப்ப வேணாம். இங்கயே பார்த்துட்டேன்ல."

அவனுக்குக் கூடுதலா ஒரு டீ சொல்லிட்டுக் கிளம்பறப்போ, "உன் வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா தம்பி?"ன்னு கேட்டேன். அக்கா பையன் ஒருத்தன் கூடவே சுத்தறானாம், பதினோரு வயசு. உள்ளே வந்திருக்கானான்னு கேட்டா, "லைட் போட்டு செட்டிங் பண்றப்போ வருவாண்ணே. லைட்டை அணைச்சா ஓடிருவான்"ன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட குட்டி இந்தக் கதையை முழுசா நடிச்சுக் காட்டினா. கேட்டுட்டு அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, அன்னிக்கு உள்ள எனக்கும்தான் ஒண்ணும் தெரியலை. உங்க சித்தப்பன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்"னார். இருபது வருஷமா பந்தியில இந்தப் பகுதி மட்டும் வந்ததே இல்லை.

டிஸ்கி: டெல்லி அப்பளம் ரெண்டு வாங்கி, ஒண்ணரையை நானே சாப்பிட்டேன்.